குற்றத்தைக் கடைசியில் எழுதுங்கள்: வடசென்னையிலிருந்து நாலு புத்தகம்

ஒரே எழுத்தாளர் கொலை வழக்கைப் பற்றி ஒரு புத்தகம், ஊர்ப் பண்பாடு பற்றி ஒன்று, முதுமை பற்றி ஒன்று, ஓவியம் பற்றி ஒன்று என்று எழுதினால், இவருக்கு எதில்தான் பிடிப்பு என்று கேட்கிறார்கள். நூலகத்தில் அந்த நாலும் நாலு அலமாரிக்குப் போய்விடுகின்றன. வடசென்னையை வைத்து எழுதுகிறவருக்கோ அவை பெரும்பாலும் ஒரே வீட்டிலிருந்து வருகிறவை. மில்லில் வேலை பார்த்த தாத்தா, பாக்ஸிங் வாத்தியாராக இருந்த அவர் தம்பி, கட்சி பேனர் வரைந்த மகன், ஏதோ ஒரு கேஸில் பெயர் சேர்க்கப்பட்ட பேரன். இப்படி ஒரு குடும்பம் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் அபூர்வமில்லை.

ஆள் ஒன்றாக இருந்தாலும் ஆதாரம் ஒன்றல்ல. குற்றத்துக்கு நீதிமன்றக் காகிதம் பேச வேண்டும். பண்பாட்டுக்குப் பல வாய்கள் வேண்டும். முதுமைக்கு நேரம் வேண்டும். ஓவியத்துக்குப் பொருளை நேரில் பார்த்து அளக்க வேண்டும். ஒன்றின் முறையை இன்னொன்றுக்குள் கொண்டுபோகும்போதுதான் புத்தகம் கெடுகிறது. முதியவரிடம் குறுக்கு விசாரணை செய்வது, கொலை வழக்கை டீக்கடைப் பேச்சை வைத்து எழுதுவது, இரண்டும் அந்தத் தவறுதான்.

இதோடு வரிசையும் முக்கியம். குற்றப் புத்தகம் விற்கும் என்று முதலில் அதை எழுதுகிறவர்கள் அதிகம். ஒரு ஏரியாவில் "ரவுடி கதை எழுதுறவரு" என்று பெயர் விழுந்துவிட்டால் மற்ற மூன்று புத்தகங்களுக்கான கதவு திறக்காது. வெளியிலிருந்து வருகிறவர்கள் கத்தியை மட்டுமே தேடி வருகிறார்கள் என்று இங்கே பலருக்கும் ஏற்கெனவே வருத்தம் உண்டு. அந்த வருத்தம் நியாயமானது. ஆகவே குற்றத்துக்கான காகிதங்களை முதலிலேயே திரட்டத் தொடங்குங்கள். எழுதுவதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதியவர்களிலிருந்து தொடங்குவதே சரி, அவர்களால் காத்திருக்க முடியாது. பெரம்பூர் பின்னி மில் 1996-இல் மூடப்பட்டபோது ஐம்பதை நெருங்கியிருந்தவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. பின்னி மில் என்பது இரண்டு மில்கள்: பக்கிங்காம் மில் 1876-இலும் கர்நாடிக் மில் 1881-இலும் தொடங்கின. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். இந்த நூற்றிருபது வருஷக் கதையின் கடைசிப் பகுதியைத் தறிச் சத்தத்தோடு நினைவு வைத்திருப்பவர்கள் இப்போது இருக்கிறவர்கள் மட்டுமே. அந்தச் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களில் பலருக்குக் காது மந்தம். அதனால் பேட்டியில் முதலில் கேட்க வேண்டியது எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்பது. அந்தப் பக்கம், முகம் தெரியும்படி உட்காருங்கள். சத்தம் போடாதீர்கள். குரலைத் தாழ்த்தி, மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. மந்தமான காதுக்குக் கீச்சுக் குரலைவிடத் தாழ்ந்த குரல் தெளிவாக விழும்.

காலை டிபனும் மாத்திரையும் முடிந்த பிறகான நேரம் நல்லது. நாற்பது நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்திவிடுங்கள். சாயங்காலத்தில், முக்கியமாக மறதி நோய் தொடங்கியவர்களுக்கு, குழப்பமும் பதற்றமும் கூடும். அந்நேரம் எடுத்த பதிவை ஆதாரமாக்குவது அவருக்கும் அநியாயம், வாசகருக்கும் அநியாயம். மறதி உள்ளவரிடம் ஒருமுறை வாங்கிய சம்மதம் போதாது. ஒவ்வொரு தடவையும் "ஆயா, போன தடவை மாதிரி இன்னிக்கும் பதிவு பண்ணட்டுமா?" என்று கேட்க வேண்டும். தலையைத் திருப்பிக்கொண்டாலோ எழுந்துபோக முயன்றாலோ அதுவே பதில். மகன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அந்த மறுப்பு செல்லும்.

ஹவுசிங் போர்டு வீட்டில் பதிவு செய்வதில் பெரிய தொல்லை மின்விசிறி, அடுத்து பக்கத்து வீட்டு டிவி. விசிறியை நிறுத்தினால் முதியவருக்கு வேர்த்துவிடும், நிறுத்தாதீர்கள். சட்டையில் மாட்டும் சின்ன மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே பொருத்தி, விசிறிக் காற்று நேராக அதன் மேல் அடிக்காமல் ஆளைச் சற்றுத் திருப்பி உட்கார வைத்தால் போதும். சேலைத் தலைப்பில் மாட்டினால் உரசும் சத்தம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும், ரவிக்கை ஓரத்தில் அவர்களே மாட்டிக்கொள்ளட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ் கோப்பாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபிக்குச் சற்று மேல் வரும். அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஓரத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டே போனால், பிறகு ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்க முழுப் பதிவையும் ஓட்ட வேண்டியிருக்காது. "இஸ்துகினு", "வந்துகினு" என்று பேசினால் அப்படியே எழுதுங்கள். அதை எழுத்துத் தமிழுக்குத் திருத்தினால் ஆளே மாறிவிடுகிறார்.

வருஷம் கேட்டால் பலருக்கும் வராது. ஊருக்கே தெரிந்த சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். "எம்ஜிஆர் போனப்போ மூத்த பையன் எந்தக் கிளாஸ்?" என்றால் 1987 டிசம்பருக்குப் போய் நிற்பார்கள். அண்ணா இறந்த 1969 பிப்ரவரி, மூர் மார்க்கெட் எரிந்த 1985, மில் மூடிய 1996, சுனாமி வந்த 2004 டிசம்பர், வெள்ளம் வந்த 2015 டிசம்பர், இவையெல்லாம் நல்ல முளைகள். காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலில் எண்ணெய் கொட்டிய 2017 ஜனவரியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சம்பவத்துக்கு முன், பின் என்று இரண்டு முளை கிடைத்துவிட்டால் வருஷம் தானாகச் சிக்கும்.

முதுமையைப் பற்றிய புத்தகம் நினைவோடு நின்றால் அது பாதிப் புத்தகம். காசும் மருந்தும் சொத்தும் அதில் வர வேண்டும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது 1995 நவம்பரில், மில் மூடப்பட்டது 1996-இல். பழைய மில்காரர் ஒருவர் கையில் வாங்கும் ஓய்வூதியம் ஏன் அவ்வளவு சின்னத் தொகை என்பதற்கு விளக்கம் பெரும்பாலும் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே இருக்கிறது. குறைந்தபட்சமாக மாதம் 1,000 ரூபாய் என்று வந்ததே 2014-இல்தான். மாநில அரசின் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயானது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே மனுக் கொடுக்கலாம். பார்த்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு எழுதிவைத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது திரும்பப் பெற 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதில்தான் பல மனுக்கள் சிக்கிக்கொள்கின்றன. முதுமையைச் சோகமாக மட்டும் எழுதுகிற புத்தகத்தைவிட இதைச் சொல்லும் புத்தகம் ஒரு ஆயாவுக்கு உண்மையாகவே உதவும். மருத்துவப் பகுதி எழுதுகிறவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து தொடங்கலாம். இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கென்று தனிப்பிரிவு 1978-இல் முதலில் வந்தது அங்கேதான்.

பண்பாட்டுப் புத்தகத்தில் வேறொரு சிக்கல். ஒரே சண்டையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பாக்ஸிங் பரம்பரைகள் இருந்த ஊரில், தோற்ற சண்டையை யாரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதில் தப்பில்லை, பரம்பரை என்பதே அந்த ரோஷம்தான். எழுதுகிறவர் செய்ய வேண்டியது, இரண்டு தரப்பையும் தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டு, சண்டை நோட்டீஸ், பத்திரிகைத் துணுக்கு, போட்டோவின் பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரை ஆகியவற்றோடு ஒப்பிடுவது. ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் போடுங்கள், நீங்களே ஜெயித்தவரை அறிவிக்காதீர்கள். சினிமாவில் வடசென்னை வரத் தொடங்கிய பிறகு இன்னொன்றும் நடக்கிறது. படத்தில் பார்த்த காட்சியையே தன் நினைவு போலச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல். படத்தில் வர வாய்ப்பில்லாத விவரங்களைக் கேளுங்கள்: டிக்கெட் யார் கிழித்தார், கையில் சுற்றிய துணி எங்கிருந்து வந்தது, சண்டை முடிந்து சாப்பிட்டது என்ன. சொந்த நினைவு என்றால் இதற்குப் பதில் வரும். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்தது போன்ற பெரிய நாட்களை நேரில் பார்த்ததாகச் சொல்பவர்களிடம் இந்தச் சோதனை மிகவும் அவசியம்.

கானாவைப் பதிவு செய்வது இன்னும் நுட்பமான வேலை. சாவு வீட்டில் பாடும் கானாவில் இறந்தவரின் பெயர், உறவு, சில சமயம் அவருடைய கடனும் குடியும்கூட வரும். பாடுகிறவர் சம்மதித்துவிட்டார் என்பது போதாது, அந்த வீட்டாரின் சம்மதமும் வேண்டும். அதை அன்று இரவு கேட்கக் கூடாது, காரியம் முடிந்து சில வாரம் கழித்துக் கேட்க வேண்டும். அதுவரை பதிவு வெளியே போகக் கூடாது. பாடலை அச்சிடும்போது பாடியவர் பெயர், கட்டியவர் வேறென்றால் அவர் பெயர், பாடிய இடம், தேதி எல்லாம் வர வேண்டும். "நாட்டுப்புறப் பாடல், ஆசிரியர் பெயர் தெரியவில்லை" என்று போடுவது உயிரோடிருக்கும் ஒரு கவிஞரின் பெயரை அழிப்பது. அவர் அடுத்த தெருவிலேயே இருப்பார்.

ஓவியப் புத்தகத்துக்கு வடசென்னையில் இருக்கும் சரக்கு பலருக்கும் தெரியாது. அலெக்ஸாண்டர் ஹன்டர் 1850-இல் ஓவியப் பள்ளியைத் தொடங்கியது பிராட்வேயில்தான். பிறகுதான் அது பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போய், காலப்போக்கில் இன்றைய கவின்கலைக் கல்லூரி ஆனது. அந்தக் கல்லூரி வரலாறு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்படாதது போர்டும் பேனரும் வரைந்தவர்களின் வேலை. ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் சில வருஷங்களிலேயே சாய்ந்தது. அவர்களுடைய முறையைச் செய்துகாட்டச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சின்னப் போட்டோவின் மேல் கட்டம் போடுவது, சுண்ணப்பொடி தடவிய நூலைத் துணியின் மேல் இழுத்து அடித்து அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் விழச் செய்வது, கட்டம் கட்டமாகக் கோட்டைப் பெயர்ப்பது, நிழல் விழும் இடத்தை முதலில் அடைத்துப் பிறகு வெளிச்சத்துக்கு வருவது. அங்குலத்துக்கு ஓர் அடி என்று கணக்கு வைத்தால் பத்தங்குலப் படம் பத்தடியாகும். முகம் கோணிப்போவது பெரும்பாலும் மூக்கருகே கட்டத்தை இன்னும் சின்னதாகப் பிரிக்காததால். எந்த நிறத்தோடு எதைக் கலந்தால் கேமரா வெளிச்சத்தில் வருகிற தோல் நிறம் வரும் என்பது அவரவர் வீட்டு ரகசியம். அதைக் கட்டாயப்படுத்திக் கேட்காதீர்கள், சொன்னால் அவர் பெயரோடு எழுதுங்கள்.

ஓவியத்தை எழுதுமுன் அளவைச் சென்டிமீட்டரில், உயரம் முதலில், அகலம் பிறகு என்று குறியுங்கள். எதன் மேல் வரைந்தது, எனாமலா ஆயிலா, கையெழுத்து எங்கே, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்பதும் வேண்டும். படம் எடுக்கும்போது இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, ஓரத்தில் ஒரு நிற அட்டை. எனாமல் பளபளக்கும், நேர் ஃபிளாஷ் போட்டால் வெள்ளைப் புள்ளிதான் கிடைக்கும். இன்னொரு படம், விளக்கை ஒரே பக்கத்தில் தாழ வைத்து எடுங்கள். தூரிகையின் ஓட்டமும் மேலே பூசித் திருத்திய இடமும் அதில்தான் தெரியும். உரிமை விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். படத்தை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர் தந்த அனுமதி, வரைந்தவரின் அனுமதி ஆகிவிடாது. ஓவியர் இறந்த பிறகும் 60 ஆண்டு அவர் வாரிசுகளுக்குக் காப்புரிமை உண்டு. தெருச் சுவரில் இருப்பதால் யாரும் அச்சிடலாம் என்று நினைக்காதீர்கள். பொது இடத்துச் சிற்பத்துக்குச் சட்டத்தில் இருக்கும் விலக்கு சுவரோவியத்துக்கு அவ்வளவு தெளிவாக இல்லை. வரைந்தவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

இந்த மூன்றும் கையில் இருக்கும்போதுதான் குற்றப் புத்தகம் நிற்கும். 1921-ஐப் பாருங்கள். அந்த வருஷம் மில்லில் நீண்ட வேலைநிறுத்தம், புளியந்தோப்பில் கலவரம். போலீஸ் குறிப்பில் அது தீவைப்பும் தாக்குதலும். தொழிற்சங்க வரலாற்றில் அது வேலைநிறுத்தம் உடைக்கப்பட்ட கதை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சாதி நெருப்பு. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக் கோப்பை மட்டும் படித்தவர் முதல் கதையைத்தான் எழுதுவார்.

ஆளவந்தார் வழக்கு இன்னொன்று. 1952 ஆகஸ்டில் காணாமல் போன வியாபாரி ஆளவந்தாரின் உடல் ரயில் பெட்டியில் மானாமதுரை வரை போய்க் கிடைத்தது, தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இன்றும் அதைக் கோரக் கதையாகவே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். பாரிமுனைப் பேனாக் கடை வாசலில் பிளாஸ்டிக் சாமான் விற்ற ஒருவரின் உலகம், போர் முடிந்த பிறகான அந்தக் கடைத்தெரு, ராயபுரத்துக் கல்லறைச் சாலையில் ஒரு வாடகைக் குடித்தனம், சடலத்தை அடையாளம் கண்ட மருத்துவக் கல்லூரிக்காரர்களின் பொறுமையான வேலை, இவை எழுதப்பட வேண்டியவை. குற்றத்தைப் பாட்டாகக் கட்டி விற்கும் மரபு நமக்கு உண்டு. குஜிலிக் கடைகளில், அதாவது பழைய சென்னையின் மலிவுப் புத்தகக் கடைகளில், விற்ற கொலைச் சிந்துகளைச் சென்னை நூலகங்களில் தேடிப் படியுங்கள். ஒரு கொலை எப்படி ஊர்க்கதையாகிறது என்பதற்கு அவையே முதல் பாடம்.

இனி காகிதம். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது. பாலியல் குற்றம் போன்றவை மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் காவல் நிலையம், ஆண்டு, எண் கொடுத்துத் தேடலாம். என்-1 ராயபுரம், எச்-1 வண்ணாரப்பேட்டை, பி-3 (P-3) வியாசர்பாடி என்று நிலையக் குறியீடு தெரிந்திருந்தால் பழைய செய்தித் துணுக்கையும் கோப்பையும் பொருத்துவது எளிது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் 16 எழுத்து எண் ஒன்று இருக்கும். அதைக் கொண்டு ஈ-கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற இணையதளத்தில் விசாரணை நாட்கள், உத்தரவு, தீர்ப்பு வரை பார்க்கலாம். பழைய வழக்குக்கு நகல் மனுப் போட வேண்டும். வழக்கில் சம்பந்தமில்லாதவர் என்றால் ஏன் வேண்டும் என்று காரணம் எழுத வேண்டும். கோப்புகள் காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்படும் என்பதால்தான் காகிதத்தை முதலில் தேடச் சொன்னேன்.

இந்த வகைப் புத்தகங்களில் அடிக்கடி காணும் பெரிய பிழை, "போலீஸில் அளித்த வாக்குமூலத்தில் அவர் கூறியதாவது" என்று ஒரு அத்தியாயமே எழுதுவது. போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியம் ஆகாது. அதனால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படும். பத்திரிகையில் அன்று வந்த முழு வாக்குமூலமும் தீர்ப்பில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். எழுதுகிறவர் தீர்ப்பைத்தான் பின்பற்ற வேண்டும், முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்ன பிறழ் சாட்சிகள் யார் யார் என்பதையும் சேர்த்து. மேல்முறையீட்டை முடிவு வரை பார்க்காமல் புத்தகத்தை முடிக்கவே கூடாது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-இல் தண்டிக்கப்பட்டார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947-இல்தான் விடுதலை வந்தது. 1945-இல் முடியும் புத்தகம் இரண்டு பேரைக் கொலைகாரர்களாக விட்டுச்சென்றிருக்கும்.

பொது ஆவணத்தில் இருப்பதை ஒருவரின் அனுமதி இல்லாமலே எழுதலாம் என்று 1994-இல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தமிழ்நாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து எழுந்த வழக்கு. ஆவணத்தைத் தாண்டி அவர் குடும்பம், திருமணம், பிள்ளை வளர்ப்பு என்று போனால் அனுமதி வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு காக்கிறது. சிறுவர்களின் அடையாளத்தைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு காக்கிறது. பெயரை மாற்றிவிட்டு தெரு, பள்ளி, அப்பாவின் தொழில் மூன்றையும் எழுதினால் வடசென்னையில் அது பெயரை எழுதியதற்குச் சமம். ஒரே தெருவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். விடுதலையானவரின் இன்றைய வேலையிடத்தை எழுதாதீர்கள். சட்டம் தடுக்காவிட்டாலும் எழுதாதீர்கள், அவர் பிழைப்பு போய்விடும்.

அச்சுக்குப் போகும்போது நாலும் மறுபடி பிரிகின்றன. குற்றமும் பண்பாடும் டெமி அளவில், 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேடு தாளில் வரலாம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் 192 பக்கம் என்றால் சரியாக 12 ஃபாரம். 194 ஆனால் கடைசியில் வெற்றுப் பக்கங்களுக்குக் காசு கொடுப்பீர்கள். ஓவியத்துக்கு 130 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் தாள், அச்சளவில் 300 டிபிஐ படம், நிறச் சோதனைத் தாளைப் பகல் வெளிச்சத்தில் ஓவியரே பார்த்து ஒப்புதல் தர வேண்டும். முதுமைப் புத்தகத்தைப் பதிநான்கு புள்ளிக்குக் குறையாமல் கோருங்கள், அதில் பேசியவர்கள் படிக்க வேண்டுமே. கண் தெரியாதவர்களுக்கு அவரவர் அத்தியாயத்தை மட்டும் வாசித்துப் பதிவு செய்து, போனில் அனுப்பிவிடலாம். வெளிவந்த 30 நாளுக்குள் கன்னிமாரா உட்பட நாலு பொது நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்பது 1954 சட்டம். அதோடு ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிக் கிளை நூலகங்களுக்கும் ஆளுக்கு இரண்டு பிரதி நேரில் கொடுத்துவிடுங்கள், நாலு புத்தகத்தையும் சேர்த்து ஒரே கட்டாக.